பழங்கணக்கைத் திறப்போர் கடமை

அறியாத ஒன்றை அழித்துவிட ஒருவனுக்கு உரிமை உண்டா? இக்கட்டுரை ஆராயப் புகுந்த வினா இதுவே. வினா பழையது, ஆனால் இன்று அது நம்முன் வந்து நிற்கும் கோலம் புதியது.

ஒரு சங்கத்தின் அலமாரியைத் துப்புரவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அடித்தட்டில் ஒரு பழைய கணினி கிடக்கிறது. அதனருகே நெகிழ்தட்டுகள் பத்துப் பன்னிரண்டு கிடக்கின்றன. அவற்றுள் இருக்கும் கோப்புகளை இன்றைய கணினியில் ஏற்றிச் சொடுக்கினால், திறக்க வழி தெரியவில்லை என்று அது கைவிரிக்கிறது. வற்புறுத்தித் திறந்தாலோ, தலையும் காலும் விளங்காத குறிகள் திரை முழுதும் கொட்டுகின்றன. செயலாளர் ஒரு கணம் நோக்குகிறார். "பழைய குப்பை, எறிந்துவிடுங்கள்" என்கிறார். கூடியிருப்போர் ஒருவரும் மறுத்துரைப்பதில்லை. ஐந்து நிமிடத்தில் அலமாரி துப்புரவாகிவிடுகிறது.

அந்த ஐந்து நிமிடத்தில் எறியப்பட்டது யாது? மாதம் தவறாது சந்தா கட்டிவந்த ஒரு பால்மரத் தொழிலாளியின் பெயராக இருக்கலாம். வேறெங்கும் எழுதப்படாத ஒருத்தியின் பிறந்த நாளாக இருக்கலாம். தான் இறந்தால் தன் பங்குத்தொகை இன்னாரைச் சேர வேண்டும் என்று ஒருவன் குறித்து வைத்த வாரிசின் பெயராகவும் இருக்கலாம். எறிந்தவர் அதனை அறியார். அறியாமற் செய்தது குற்றமாகாது என்று வாதிப்பார் உளர். அறிய முயன்றும் முடியாமற் போனவர்க்கு அவ்வாதம் பொருந்தும். அறிய முயலாதவர்க்கு அது எங்ஙனம் பொருந்தும்?

கணக்கு யாருடையது?

கணக்கேடு அலுவலகத்தின் உடைமை என்று பொதுவாகக் கருதுகிறோம். சட்டப்படி அஃது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும் நீதியை உள்ளபடி நோக்குவார்க்கு ஒன்று விளங்கும். எழுதியவன் ஒருவன், எழுதப்பட்டோர் பல நூற்றுவர். தோட்டப்புற வாழ்வை அறிந்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. விடியுமுன் பிரட்டுக் களத்தில் வந்து நின்றவர் பெயரைக் கிராணியார் செக்ரோலில் பதிந்தார். பெயர் விழுந்தால் கூலி உண்டு; விழாவிட்டால் இல்லை. பதியப்பட்டவருட் பலர் அவ்வெழுத்தைப் படிக்க அறியார். எனினும் அவ்வெழுத்தால் அவர் வீட்டில் உலை கொதித்தது. ஆகவே ஏடு அலுவலகத்தின் அலமாரியில் இருந்தபோதிலும், அதனுள் உழைத்தவரின் உயிர்ப்பங்கு ஒன்று இருந்தது.

1980களிலும் 1990களிலும் உலகெங்கும் சிறு அலுவலகங்கள் காகித ஏட்டை விட்டுக் கணினி ஏட்டுக்கு மாறின. தரவுத்தளம் என்று நாம் இன்று கூறுவது அந்தக் கணினிப் பேரேட்டையே. ஏடு மாறிற்று, அதில் எழுதப்பட்டோரின் உரிமை மாறியதோ? மாறவில்லை. மாறியது ஒன்றே. காகித ஏட்டைப் படிக்கக் கண்ணும் எழுத்தறிவும் போதும். கணினி ஏட்டைப் படிக்க இடையே ஒரு மொழிபெயர்ப்பாளன் வேண்டும். எந்தச் செயலி அதனை எழுதிற்றோ, அச்செயலியோ அதன் முறையறிந்த வேறொன்றோ அருகில் இல்லாவிடில், ஏடு வாய்மூடிக்கொள்ளும்.

இதற்கு இங்கிலாந்தில் நிகழ்ந்தது தக்க சான்று. 1086ஆம் ஆண்டில் வில்லியம் மன்னன் ஆணைப்படி அந்நாட்டின் நிலமும் குடியும் கணக்கெடுக்கப்பட்டு, டூம்ஸ்டே ஏடு எழுதப்பெற்றது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவை ஒட்டி, 1986இல் பிபிசி நிறுவனம் புதியதொரு டூம்ஸ்டே ஏட்டை வெளியிட்டது. பள்ளிச் சிறுவர் உள்ளிட்ட பத்து லட்சம் பேர் தத்தம் ஊர்ச் செய்திகளையும் படங்களையும் திரட்டித் தந்தனர். அவை யாவும் ஒளித்தட்டுகளில், தனித்த ஒரு பொறியாலன்றிப் படிக்க இயலாத வண்ணம் பதியப்பட்டன. புதிய நூற்றாண்டு பிறந்தபோது, அப்பொறி கிடைத்தற்கரியதாயிற்று. தோலில் மையால் எழுதிய ஏடு 900 ஆண்டு கடந்தும் படிக்கக் கிடைத்தது. பத்து லட்சம் பேர் எழுதிய ஏடு 20 ஆண்டுக்குள் ஊமையாகும் நிலை எய்திற்று. பின்னர் 2002இல் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களைச் சார்ந்த ஆய்வாளர்கள், பழைய கணினியைப் போலவே புதிய கணினியை நடிக்கச் செய்து, அத்தட்டின் உள்ளுறையைக் காட்டினர். 2011இல் ஊர்மக்கள் எழுதிய பகுதியைப் பிபிசி இணையத்தில் வெளியிட்டது. செல்வமும் செல்வாக்கும் வாய்ந்த நிறுவனத்தின் ஏட்டுக்கே இக்கதி நேருமாயின், நம் ஊர்ச் சங்கத்தின் ஏட்டைப் பற்றி என் சொல்வது! ஆயினும் இதிலிருந்து நாம் கொள்ளத்தக்க ஆறுதலும் ஒன்றுண்டு. ஊமையானது இறந்துவிடவில்லை. முயன்றவர்க்கு அது பேசிற்று.

பெயரும் பொருளும்

இனி, முன்பின் அறியாத கோப்பொன்று கைக்கு வந்தால் அதனை இன்னதென அறிவது எவ்வாறு? பெரும்பாலோர் பெயரைப் பார்க்கின்றனர். கோப்பின் பெயர் இறுதியில் ஒரு புள்ளியும், அதன்பின் இரண்டு மூன்று எழுத்துகளும் இருக்கும். அவ்வெழுத்துகளே கோப்பின் குலத்தைக் கூறும் என்பது பலர் நம்பிக்கை. இந்நம்பிக்கை அரைகுறையானது. 'டிபி' என்ற ஈற்றெழுத்தை 1985இல் தோன்றிய பாரடாக்ஸ் என்னும் தரவுத்தளம் கொண்டது. 2000இல் தோன்றிய எஸ்கியூலைட் கோப்புகளும் அதே எழுத்தைத் தாங்கி வருகின்றன. விண்டோஸ் கணினி சிறுபடங்களைச் சேர்த்து வைக்கும் கோப்பொன்றும் அதே எழுத்தைத் தாங்கியது. மூன்றுக்கும் உறவு யாதும் இல்லை. 'டாட்' என்று முடியும் கோப்போ எதுவாகவும் இருக்கலாம். பெயரை எவரும் ஒரு நொடியில் மாற்றலாம். மாற்றக் கூடியதைக் கொண்டு மாறாததை அளப்பது அறிவுடைமை ஆகுமோ?

பெயரை விடுத்து உள்ளே நோக்குதல் வேண்டும். கணினிக் கோப்பு என்பது 0 முதல் 255 வரையுள்ள எண்களின் ஒரு நீண்ட வரிசை. அவ்வெண் ஒவ்வொன்றையும் பைட் என்பர். பல கோப்புகள் தம் முதற் சில பைட்டுகளிலேயே தம்மை இன்னாரெனக் கூறிவிடுகின்றன. எஸ்கியூலைட் கோப்பின் முதல் 16 பைட்டுகள் அதன் பெயரையும் 3 என்ற வகை எண்ணையும் எழுத்தாகவே உரைக்கும். மைக்ரோசாஃப்ட் அக்செஸ் கோப்பில், முதல் நான்கு பைட்டுகளை அடுத்து 'ஸ்டாண்டர்டு ஜெட் டிபி' என்றும், 2007ஆம் ஆண்டு முதலான வகையில் 'ஸ்டாண்டர்டு ஏஸ் டிபி' என்றும் காணலாம். இவ்வடையாளங்களைத் தேடிக் கூறும் ஏவல் ஒன்று யூனிக்ஸ் கணினிகளில் 1973 முதலே உண்டு. அதன் பெயரும் 'ஃபைல்' என்பதே. பிரிட்டனின் தேசிய ஆவணக் காப்பகம் ப்ரோனம் என்ற பதிவேட்டை வெளியிட்டது. அதனைக் கொண்டு கோப்புகளை இனங்காணும் டிராய்டு என்ற கருவியை 2005இல் தந்தது. இவை விலையின்றிக் கிடைப்பன. ஆகவே, 'இஃது என்னவென்று கண்டுபிடிக்க வழியில்லை' என்று கூறுவோர், வழியைத் தேடினேன் என்று கூறும் உரிமையை முதலில் ஈட்டிக்கொள்ள வேண்டும்.

தொடுமுன் படியெடுத்தல்

திறக்க விரைவார் பலர் செய்யும் பிழை, மூலத்தையே திறப்பது. பழைய கோப்பைப் புதிய செயலி திறக்கும்போது, கேளாமலே திருத்திவிடுவதுண்டு. நெகிழ்தட்டின் காந்தப் பூச்சோ நாட்செல்ல நலிவது. ஒருமுறை படிக்கக் கிடைத்தது மறுமுறை கிடைக்காமலும் போகலாம். ஆதலின் முதற் கடமை படியெடுத்தல். மூன்றரை அங்குலத் தட்டில் மூலையிலுள்ள சிறு கதவை நகர்த்தித் துளை தெரியும்படி வைத்தால், அதில் எதுவும் எழுத இயலாது. ஐந்தேகால் அங்குலத் தட்டில் விளிம்பிலுள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால் அதுவே காவல். இவ்வாறு காவலிட்டு, முழுத்தட்டையும் உள்ளபடி படியெடுத்து, மூலத்தைப் பத்திரப்படுத்திவிட்டு, படியைக் கொண்டே வேலை செய்தல் வேண்டும். படியும் மூலமும் ஒன்றே என்பதைக் காட்ட எண்முத்திரை இடும் முறையும் உண்டு. கோப்பில் ஒரு பைட் மாறினும் முத்திரை மாறிவிடும்.

விரிதாட் செயலிகளைக் குறித்துத் தனியே எச்சரிக்க வேண்டும். '00417' என்ற உறுப்பினர் எண்ணை அவை 417 ஆக்கிவிடும். தேதி போலத் தோன்றுவதைத் தேதியாகவே மாற்றிவிடும். இத்தொல்லை பொறாது, மனித மரபணுக்களுக்குப் பெயரிடும் அறிஞர் குழுவே சில மரபணுக்களின் பெயரை மாற்றியது என்பதும், அதற்கான நெறிகளை 2020இல் வெளியிட்டது என்பதும் நகைத்தற்குரிய செய்தியல்ல. திறந்து பார்த்து, மூடும்போது 'சேமிக்கவா' என்று கேட்டதற்கு 'ஆம்' என்றால் தீர்ந்தது கதை. நல்ல எண்ணத்தோடு செய்த ஒரு சொடுக்கு, தீய எண்ணத்தோடு செய்த திருத்தத்தைவிடக் கொடிதாகக் கூடும்; தீயவனாவது தான் மாற்றியதை அறிவான்.

ஒரு கோப்பின் சாட்சியம்

ஓர் எடுத்துக்காட்டால் இதனைத் தெளிவுறுத்துவோம். அக்காலச் சிறு அலுவலகங்களில் மிகப் பரவியிருந்தது டிபேஸ் என்னும் தரவுத்தளம். வெய்ன் ராட்லிஃப் என்பவர் ஆக்கிய அதனை ஆஷ்டன்-டேட் நிறுவனம் விற்றது. அதன் மூன்றாம் வகை 1984இல் வெளிவந்தது. 1991இல் அந்நிறுவனத்தைப் போர்லாண்ட் வாங்கிற்று. கிளிப்பர், ஃபாக்ஸ்புரோ முதலிய பிற செயலிகளும் அதே அமைப்பையோ அதன் கிளையையோ கையாண்டன. அக்கோப்பின் ஈற்றெழுத்து 'டிபிஎஃப்'. விற்ற நிறுவனம் மறைந்தது. ஆயினும் அமைப்பு மறையவில்லை. நிலப்படம் வரைவோர் ஆளும் கோப்புத் தொகுதிகளில் அஃது இன்றும் வழங்குகிறது.

இக்கோப்பின் முதற் பைட் வகையைக் கூறும். 3 எனில் டிபேஸ் மூன்றின் முறை. 131 எனில் அதனோடு நீண்ட குறிப்புகள் அடங்கிய துணைக்கோப்பும் ஒன்று இருந்திருக்க வேண்டும். 48 எனில் விஷுவல் ஃபாக்ஸ்புரோ. அடுத்த மூன்று பைட்டுகள் ஏட்டில் இறுதியாகக் கைவைத்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த நான்கும் ஏட்டில் உள்ள வரிகளின் எண்ணிக்கை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சிறிய இலக்கம் முன்னும் பெரிய இலக்கம் பின்னும் நிற்கும். 200, 1, 0, 0 என்று கண்டால் 200உம் 256உம் கூட்டி 456 என்று கொள்ள வேண்டும். நம் வழக்கப்படி இடமிருந்து படித்தால் 335 கோடிக்கு மேற்பட்ட தொகை வரும். முறையறியாது படிப்பவன் 456 பேர் கொண்ட சங்கத்தை 335 கோடிப் பேராக்கிவிட்டு, 'கோப்பு கெட்டுவிட்டது' என்று தீர்ப்பும் கூறிவிடுவான். கெட்டது கோப்போ, படித்த முறையோ?

முதற் பைட் 3 என்பது தற்செயலாகவும் அமையக்கூடும். ஆதலால் ஒரு சாட்சியை மட்டும் நம்பாது மறுசாட்சியைத் தேடுதல் வேண்டும். ஏட்டின் முகப்பு எத்தனை பைட், ஒரு வரி எத்தனை பைட் என்பவற்றையும் கோப்பே கூறுகிறது. எட்டுப் பத்திகள் கொண்ட ஏடாயின் முகப்பு 289 பைட். ஒரு வரி 96 பைட் என்றால், 456 வரிக்கு 43,776. இரண்டையும் கூட்டி, முடிவுக் குறிக்கு ஒன்று சேர்த்தால் 44,066. கோப்பின் மொத்த நீளமும் 44,066 ஆக இருக்கக் கண்டால், சாட்சியம் பொய்யன்று என்று துணியலாம். குறைந்திருந்தால் ஏட்டின் வால் அறுந்தது எனவும், எத்தனை வரி போயிற்று எனவும் அளந்து கூறலாம். ஊகம் வேறு, அளவை வேறு என்பது இங்கு உள்ளங்கை நெல்லிக்கனியாக விளங்கும்.

நட்சத்திரமிட்ட பெயர்கள்

நேயர்களே, இக்கோப்பின் அமைப்பில் நம் வினாவுக்கு நேரே விடைதரும் பகுதி இனி வருவது. ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு பைட் தனியே ஒதுக்கப்பட்டுள்ளது. அது வெற்றிடமாயின், வரி நடப்பிலுள்ளது. அதில் ஒரு நட்சத்திரக்குறி இருந்தால், வரி நீக்கப்பட்டது. நீக்கப்பட்டதென்றால் அழிந்துவிட்டதோ? இல்லை. பெயரும் தொகையும் நாளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. முகப்பு கூறும் எண்ணிக்கையிலும் அவ்வரிகள் சேர்ந்தே நிற்கின்றன. ஏட்டை இறுக்கிக் கட்டும் 'பேக்' என்ற ஆணையைத் தனியே இட்டாலன்றி அவை மறையா. அவ்வாணையை இடாமலே விட்ட ஏடுகளில், நீக்கப்பட்டவர் யாவரும் நெற்றியில் ஒரு நட்சத்திரத்தோடு இன்னும் நிற்கின்றனர்.

இன்றைய செயலிகளுட் சில இவ்வரிகளைக் காட்டும். சில ஒரு சொல்லும் சொல்லாது விட்டுவிடும். திறப்பவன் இங்கே என் செய்ய வேண்டும்? நடப்பு வரிகளோடு இவற்றைக் கலந்து தந்தால், விலகியவரை உறுப்பினர் என்று காட்டிய பொய் நேரும். முற்றும் விட்டுவிட்டால், இருந்தவரை இருந்ததே இல்லை என்று காட்டிய பொய் நேரும். முன்னது கணக்குப் பிழை, பின்னது அநீதி. ஏனெனில் நீக்கியவன் கையும் மனிதன் கையே. இறந்தவரை நீக்கியிருக்கலாம், இருமுறை எழுதிய பெயரை நீக்கியிருக்கலாம், கேள்வி கேட்டவரை நீக்கியிருக்கவும் கூடும். காரணத்தை நட்சத்திரம் கூறாது. ஆதலின், 'வரிகள் 456; அவற்றுள் நட்சத்திரமிட்டவை இத்தனை' என்று இரண்டையும் தனித்தனியே எழுதிவைப்பதே நேர்மை. நீக்கத்துக்குக் காரணம் காண்பதும், நீக்கம் தக்கதா என்று தீர்ப்பதும் திறப்பவன் வேலை அல்ல. அவ்விசாரணை என்றேனும் எழுமாயின், அதற்குரிய சான்றைக் கெடாது ஒப்படைப்பதே அவன் வேலை.

தமிழ் படும் பாடு

தமிழில் எழுதப்பட்ட ஏடாயின் இடர் இரட்டிப்பாகும். 1991இல் வெளிவந்த யூனிகோடு தமிழுக்கு இடந்தந்தது. ஆனால் அது நடைமுறைக்கு வரப் பல்லாண்டு சென்றது. அதற்கு முன்னும் அவ்விடைக்காலத்திலும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு முறையில் எழுத்துருக்களை ஆக்கினர். இத்துறையில் மலாயாவின் பழைய நிலப்பரப்பிலுள்ள தமிழர் பின்தங்கி நிற்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985 முதல் முரசு அஞ்சலை உருவாக்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் எழுத்துருவையும் விசைமுறையையும் ஆக்கினார். 1997இல் தமிழ் இணைய மாநாடு அவர் முயற்சியால் சிங்கப்பூரிலேயே நடந்தது. உலகத் தமிழர் கலந்து பேசித் திஸ்கி என்ற பொதுமுறையை வகுத்தனர். 1999இல் சென்னை மாநாடு தாம், தாப் என்ற முறைகளை முன்வைத்தது. முறை பலவானபடியால், ஒருமுறையில் எழுதிய பெயர் மறுமுறைக்குப் பிதற்றலாகத் தோன்றும். ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை ஏற்றிய எழுத்துருக்களும் இருந்தன. அவற்றால் எழுதிய பெயரை இன்று திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமே தெரியும்.

திஸ்கியில் எழுத்துகள் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் நிற்கும். 'கோ' என்பதில் இரட்டைக்கொம்பு முதலிலும், ககரம் அடுத்தும், கால் இறுதியிலும் பதியப்படும். யூனிகோடிலோ ககரம் முதலில். ஓகாரக்குறி அதன் பின். இவ்வேற்றுமையை அறியாது எழுத்துக்கு எழுத்து மாற்றினால், கோவிந்தன் என்ற பெயரைத் தேடும் அலுவலர்க்கு அப்பெயர் அகப்படாது. 'அப்படி ஒருவர் எங்கள் ஏட்டில் இல்லை' என்ற பதில் வரும். ஏட்டில் அவர் இருக்கிறார். ஆனால் இல்லையென்று சொல்லப்படுகிறார். ஒரு கொம்பின் இடமாற்றத்தால் ஒரு மனிதன் இல்லாமற் போவது சிறிய செய்தியோ?

ஆங்கில எழுத்தில் பதிந்த பெயர்களும் தொல்லைக்கு அப்பாற்பட்டவை அல்ல. லட்சுமி என்ற ஒரே பெயர் இந்நாட்டுப் பதிவேடுகளில் பல உருவங்களில் எழுதப்பட்டிருப்பதை யாவரும் அறிவர். பத்தியின் அகலம் 20 எழுத்தாயின், 21ஆம் எழுத்து வெட்டுண்டு போகும். தந்தை பெயர் பாதியில் நிற்கும். திருத்தக் கை துறுதுறுக்கும். திருத்தலாகாது. பிழையான எழுத்தே அவர் அடையாளச் சீட்டில் உள்ள எழுத்தாக இருக்கலாம். அவ்வெழுத்தைக் கொண்டே அவர் தம் உரிமையை நிலைநாட்ட வேண்டியிருக்கலாம். திருத்த விரும்புவார், மூலப்பெயரை அப்படியே விட்டுப் பக்கத்தில் வேறொரு பத்தியில் தம் கருத்தை எழுதிக்கொள்ளலாம்.

தெரியாது என்று கூறும் ஆண்மை

எல்லாம் முறையாகத் திறந்த பின்னும் விளங்காதன சில எஞ்சும். டிபேஸில் பத்தியின் பெயர் 10 எழுத்துக்கு மேற்போகாது. ஆகவே பலர் இரண்டு மூன்று எழுத்துச் சுருக்கங்களை இட்டனர். 'நிலை' என்ற பொருளுடையதாகத் தோன்றும் ஒரு பத்தியில் 1, 2, 3 என்று மட்டும் இருக்கும். 1 என்றால் மணமானவரா, நிரந்தரத் தொழிலாளியா, சந்தா கட்டியவரா? அதன் விளக்கம் எழுதியவர் மனத்தில் இருந்தது, கோப்பில் இல்லை. 03/04/52 என்று ஒரு பிறந்த நாள். ஏப்ரல் மூன்றா, மார்ச் நான்கா? செயலியொன்று அதனை 2052 என்று கொண்டால், எழுபது கடந்த கிழவர் இன்னும் பிறக்காதவர் ஆவார்.

இவ்விடத்தில்தான் திறப்பவனுடைய ஒழுக்கம் சோதிக்கப்படுகிறது. இதுவரை வெற்றி கண்ட அறிவு, இதனையும் விளக்கிவிட வேண்டும் என்று உந்தும். '1 என்பது மணமானவராகத்தான் இருக்கும்' என்று ஒருவன் எழுதிவிட்டால், நாளைக்கு அதுவே ஆவணமாகும். நாளை மறுநாள் அதுவே சட்டமாகும். ஊகம் எழுத்தேறினால் உண்மையின் உடையைப் பூண்டுவிடுகிறது. இதற்கு மருந்து இரண்டு. ஒன்று, அவ்வேட்டை அக்காலத்தில் கையாண்ட கிராணியாரும் கணக்கரும் இன்னும் உயிரோடிருப்பின் அவர்களைச் சென்று கேட்பது. கணினியிடம் இல்லாத விடை அவர் நினைவில் இருக்கலாம். அந்நினைவும் நெடுங்காலம் காத்திராது. மற்றொன்று, கேட்டும் விளங்காததை 'விளங்கவில்லை' என்று எழுதுவது. தெரியாது என்று எழுதக் கூசாதவன் எழுதியதையே, தெரியும் என்று அவன் எழுதிய இடங்களிலும் நாம் நம்பலாம்.

மறுப்பும் விடையும்

சிலர் கேட்கலாம்: இத்தனை பாடு எற்றுக்கு? செலவு யார் தருவார்? செலவு மிகுதியன்று. லிப்ரஆஃபிஸ் போன்ற விலையில்லாச் செயலிகளே டிபேஸ் கோப்பைத் திறக்கும். வேண்டுவது பொறுமையுள்ள ஓர் இளைஞரும் சில மாலைப் பொழுதுகளும். திருவிழாப் பந்தலுக்குச் செலவிடும் உழைப்பில் நூற்றில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

வேறு சிலர் வினவலாம்: பிறர் கணக்கைத் திறப்பது தகுமா? இது மதிக்கத்தக்க வினா. திறக்கும் திறமை இருப்பதால் திறக்கும் உரிமை வந்துவிடாது. கடவுச்சொல்லிட்ட கோப்பை, அதற்குரிய சங்கத்தின் எழுத்து மூலமான இசைவின்றி உடைப்பது பூட்டை உடைப்பதற்கு ஒப்பாகும். திறந்தவர் கண்ட சம்பளமும் நோயும் குடும்பச் செய்தியும் காப்பிக் கடைப் பேச்சுக்கு உரியன அல்ல. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் சட்டமும், சிங்கப்பூரில் 2012ஆம் ஆண்டின் சட்டமும் தனிமனிதர் தரவைக் காக்க எழுந்தவை. தேவை தீர்ந்த பின் அத்தகைய தரவை வைத்திருத்தலாகாது என்பதும் அவற்றின் நெறிகளுள் ஒன்று.

அங்ஙனமாயின் எறிந்தது சரியே ஆயிற்றே என்று ஒருவர் மடக்கலாம். ஆகவில்லை. இன்னது இதனுள் இருக்கிறது, இது யார்க்கும் இனித் தேவையில்லை, வைத்திருப்பது தீங்கு என்று ஆராய்ந்து, கூடிப் பேசி, முடிவை எழுதி வைத்து அழிப்பது ஒன்று. திறக்கவில்லை என்பதால் அழிப்பது மற்றொன்று. முன்னதில் அழித்தவர் தம் செயலுக்குப் பொறுப்பேற்கிறார். பின்னதில் பொறுப்பேற்பார் எவருமில்லை. அழிந்தது இன்னதென்பதும் தெரியாதபடியால், அதற்காகக் கேள்வி கேட்பாரும் இல்லை. தேவையை அறியாமல் தேவை தீர்ந்ததென்று கூறுவது எப்படி? ஆகவே அழிக்கும் உரிமைக்கும் அறிதலே வாயில்.

வருவோர்க்கு வழி

இறுதியாக ஒன்று. பழைய ஏட்டைத் திறந்தவர், அதனை மீண்டும் ஒரு புதிய பூட்டுக்குள் இட்டுவிட்டுப் போகலாகாது. மூலத்தின் படியை உள்ளபடி ஓரிடத்தில் வைப்பதோடு, எச்செயலியின் தயவுமின்றிப் படிக்கத்தக்க எளிய எழுத்துக் கோப்பாகவும் அதனை மாற்றி வேறிடத்தில் வைத்தல் வேண்டும். தமிழாயின் யூனிகோடில் வைத்தல் வேண்டும். அதனுடன் ஒரு தாள், ஆம், சாதாரணக் காகிதத் தாள், இணைக்கப்பட வேண்டும். இக்கோப்பு எங்கே கிடைத்தது, எந்த வகையைச் சார்ந்தது, வரிகள் எத்தனை, நட்சத்திரமிட்டவை எத்தனை, பத்தி ஒவ்வொன்றும் எதனைக் குறிக்கிறது, எவை விளங்கவில்லை, யார் எந்நாளில் படித்தார் என்பவை அத்தாளில் இருக்கட்டும். நமக்கு முன்னிருந்தோர் இப்படி ஒரு தாளை எழுதி வைத்திருப்பின் நமக்கு இத்தனை இடர் நேர்ந்திராது. அவர் எழுதவில்லை என்று குறைகூறும் நாம், இன்று நம் கையிலுள்ள கணினி ஏடுகளுக்கு அத்தாளை எழுதிவிட்டோமா?

தோட்டங்கள் பல விற்கப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன, அங்கு வாழ்ந்தவர் நகரங்களின் ஓரங்களிற் சிதறினர். அவருள் பலர்க்குத் தாம் அங்கு உழைத்ததற்குக் காட்டக்கூடிய சான்று, எவரோ ஒருவர் எழுதிய ஒரு வரியே. அந்த வரி எந்த அலமாரியில், எந்தத் தட்டில், எந்தப் பெயருக்குள் மறைந்து கிடக்கிறதோ நாம் அறியோம். ஆகையால் சங்கத்தாரும், பள்ளி வாரியத்தாரும், கோயிற் குழுவினரும், கூட்டுறவாளரும் தத்தம் அலமாரியை ஒருமுறை நோக்குவாராக. கிடைப்பதை எறியுமுன் படியெடுப்பாராக, படியெடுத்ததைப் படிப்பாராக, படித்ததை உள்ளபடி எழுதுவாராக. இளைஞர்களே, இப்பணி உங்கள் கணினி அறிவுக்கு ஏற்றது. இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கத் தக்கது.